மறைந்த மூதாட்டியரை எப்படி நினைவுகூர்வது? அஸ்மா (ரலி) அவர்களின் நூறாண்டு வாழ்விலிருந்து

புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



ஒரு குடும்பத்தின் மூத்த பெண்மணி மவ்த்தாகிவிடுகிறார். ஊருக்கு ஊர் அவரை அழைக்கும் பெயர் மாறும். சில இடங்களில் நன்னி, சில இடங்களில் உம்மம்மா, சில இடங்களில் வாப்பும்மா. கப்ருஸ்தானிலிருந்து திரும்பி வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கும். "நிறைஞ்ச வயசு. எட்டுப் பிள்ளைங்களை வளர்த்து ஆளாக்குனாங்க. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லை. எனக்குன்னு ஒண்ணு வேணும்னு வாய் திறந்து கேட்டதில்லை." இப்படி நீங்களும் கேட்டிருப்பீர்கள், நீங்களே சொல்லியும் இருப்பீர்கள். அன்பினால்தான் சொல்கிறோம். அதில் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அவர் எதையும் கேட்டதில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும். கேட்க ஒன்றும் இல்லாத அளவுக்கு நாம் நிறைவாக வைத்திருந்தோமா? கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து அவர் கேட்காமல் இருந்தாரா? இரண்டும் ஒன்றல்ல. "பொறுமைசாலி" என்ற ஒரே சொல்லில் இரண்டையும் சேர்த்து அடக்கம் செய்துவிடுகிறோம்.

மவ்த்தானவர்களைப் பற்றி நல்லதைத்தானே பேச வேண்டும், இதையெல்லாம் ஏன் கிளற வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இறந்தவர்களை ஏசக் கூடாது, அவர்கள் முற்படுத்தி அனுப்பியதை அவர்கள் சென்றடைந்துவிட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் தம் கண்ணில் பட்ட குறையை வெளியே சொல்லக் கூடாது என்பது நம் மார்க்கம் கற்றுத்தரும் அதபு. எனவே அவருடைய குறையை மறைப்பது நம் கடமை. ஆனால் அவர் சுமந்த சுமையை மறைப்பது அவருடைய குறையை மறைப்பது ஆகாது. பெரும்பாலும் அது நம்முடைய குறையை மறைப்பதாகத்தான் இருக்கும்.

மிகையாகப் புகழ்வதும் விளையாட்டான விஷயமல்ல. அப்துல்லாஹ் பின் ரவாஹா (ரலி) அவர்கள் ஒருமுறை நோயுற்று மயங்கி விழுந்தார்கள். இறந்துவிட்டார்கள் என்று எண்ணிய சகோதரி அம்ரா (ரலி) அவர்கள், மலையே, அதுவே, இதுவே என்று சகோதரரின் பெருமைகளை அடுக்கி அழத் தொடங்கினார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தவர், நீ சொன்ன ஒவ்வொன்றுக்கும் நீ அப்படிப்பட்டவன்தானா என்று என்னிடம் கேட்கப்பட்டது என்றார்கள். பின்னர் மூத்தா போரில் அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது அந்தச் சகோதரி அவர்களுக்காக அழவில்லை. இது புகாரியில் பதிவாகியிருக்கிறது. நம் புகழ்ச்சிக்கு மேலே ஒரு விசாரணை உண்டு என்பதை அந்தப் பெண்மணி புரிந்துகொண்டார்கள்.

சரி, அப்படியானால் ஒரு நீண்ட வாழ்வை எப்படித்தான் நினைவில் வைப்பது? இதற்கு நம் உம்மத்தின் முதல் தலைமுறையில் தெளிவான ஒரு முன்மாதிரி இருக்கிறது. அபூபக்ர் (ரலி) அவர்களின் மூத்த மகள், அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் அக்கா, அஸ்மா (ரலி) அவர்கள்.

ஹிஜ்ரத்தின்போது பயண உணவைக் கட்டுவதற்குக் கயிறு கிடைக்காமல், தம் இடுப்புக் கச்சையை இரண்டாகக் கிழித்துக் கட்டிக் கொடுத்தவர்கள். அதனால்தான் தாத்துந் நிதாகைன், இரு கச்சையுடையவர் என்ற பெயர். நிறைமாதக் கர்ப்பிணியாக மக்காவை விட்டுக் கிளம்பி, குபாவில் அப்துல்லாஹ் பின் ஸுபைரைப் பெற்றெடுத்தார்கள். மதீனாவில் முஹாஜிர்களுக்குப் பிறந்த முதல் குழந்தை அதுதான். பிறகு ஹிஜ்ரி 73 வரை, அதாவது கி.பி. 692 வரை வாழ்ந்தார்கள். நூறு வயதை எட்டியும் ஒரு பல் விழவில்லை, அறிவு தடுமாறவில்லை என்று அவர்களின் குடும்பத்தார் வழியாகவே செய்தி வந்திருக்கிறது.

கச்சைச் சம்பவத்தை ஒவ்வொரு முஹர்ரமிலும் ஹிஜ்ரத் பயானில் கேட்கிறோம். அது ஒரு நாள் வேலை. அந்த அம்மா வருடக்கணக்கில் செய்த வேலையைப் பற்றி அவர்களே சொன்ன ஒரு நீண்ட ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. அதை மிம்பரில் நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஸுபைர் (ரலி) அவர்களை மணந்தபோது அவர்களிடம் நிலமோ அடிமையோ வேறெந்தச் செல்வமோ கிடையாது. தண்ணீர் சுமக்கும் ஓர் ஒட்டகமும் ஒரு குதிரையும் மட்டுமே. குதிரைக்குத் தீனி போடுவது அஸ்மா (ரலி) அவர்கள். தண்ணீர் இறைப்பது அவர்கள். தோல் வாளி கிழிந்தால் தைப்பது அவர்கள். மாவு பிசைவதும் அவர்கள்தான். ஆனால் ரொட்டி சுடுவது அவர்களுக்குச் சரியாக வராது. அக்கம்பக்கத்து அன்சாரிப் பெண்கள்தான் சுட்டுக் கொடுப்பார்கள். அந்தப் பெண்கள் உண்மையானவர்கள் என்று நன்றியோடு ஒரு சொல்லும் சேர்த்துச் சொல்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் ஸுபைருக்கு ஒதுக்கிய நிலத்திலிருந்து பேரீச்சங்கொட்டைகளைத் தலையில் சுமந்து வருவார்கள். தூரம் ஒரு ஃபர்ஸகில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய கணக்கில் ஏறத்தாழ மூன்றரை கிலோமீட்டர்.

ஒரு நாள் அப்படிச் சுமையோடு வரும்போது நபி (ஸல்) அவர்கள் அன்சாரித் தோழர்கள் சிலரோடு எதிரே வந்தார்கள். அஸ்மாவை அழைத்து, தமக்குப் பின்னால் ஏற்றிக்கொள்வதற்காகத் தம் ஒட்டகத்தை மண்டியிடச் செய்யப் பார்த்தார்கள். ஆண்களோடு செல்ல வெட்கப்பட்டும், கணவரின் ரோஷத்தை நினைத்தும் அஸ்மா (ரலி) அவர்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொண்டு நபியவர்கள் சென்றுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னபோது, நீ அவர்களோடு ஏறி வருவதைவிட நீ கொட்டை சுமப்பதுதான் எனக்குப் பாரமாக இருக்கிறது என்று ஸுபைர் (ரலி) அவர்கள் வருந்தினார்கள். பிறகு அபூபக்ர் (ரலி) அவர்கள் குதிரையைப் பார்த்துக்கொள்ள ஒரு பணியாளரை அனுப்பிவைத்தார்கள். என் தந்தை என்னையே விடுதலை செய்ததைப் போல இருந்தது என்று அஸ்மா (ரலி) அவர்கள் அந்தச் செய்தியை முடிக்கிறார்கள்.

அருமைச் சகோதரர்களே, இந்த ஹதீஸ் நம் கைக்கு எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். அஸ்மா (ரலி) அவர்கள் இதைத் தம் மகன் உர்வாவிடம் சொன்னார்கள். உர்வா தம் மகன் ஹிஷாமிடம் சொன்னார். ஒரு தாய், தன் மகனிடம், அவனுடைய தந்தையின் வீட்டில் தான் பட்ட பாட்டைச் சொல்கிறார். அந்த மகன் மதீனாவின் ஏழு பெரும் சட்ட அறிஞர்களில் ஒருவர். தந்தையோ சொர்க்கத்துக்கு நன்மாராயம் கூறப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். தந்தையின் கண்ணியத்துக்கு இது குறைவாகிவிடுமே என்று அந்த மகன் ஒரு வரியையும் வெட்டவில்லை. குதிரை, வாளி, கொட்டை, தூரம், ரொட்டி சுட வராதது, கடைசியில் அந்த "விடுதலை" எல்லாவற்றையும் அப்படியே ஒப்படைத்தார். ஹதீஸ் அறிஞர்களும் அதை அப்படியே பதிவு செய்தார்கள். இதனால் ஸுபைர் (ரலி) அவர்களின் அந்தஸ்து குறைந்தது என்று எந்த ஆலிமும் சொன்னதில்லை.

உர்வா நினைத்திருந்தால், என் உம்மா மிகப் பொறுமையானவர், ஒரு நாளும் சலித்ததில்லை என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடித்திருந்தால் அந்தப் பொறுமை எதன் மீது காட்டப்பட்ட பொறுமை என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

அவர்கள் புகழ்ந்த விதமும் அப்படித்தான். ஆயிஷா, அஸ்மா இருவரையும்விடத் தாராளமான பெண்களைக் கண்டதில்லை என்று அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) அவர்கள் சொன்னார்கள். அதோடு விடவில்லை. இருவருடைய கொடையும் வேறு வேறு விதம் என்றார்கள். சின்னம்மா சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்து, ஓரளவு சேர்ந்ததும் பங்கிட்டுக் கொடுப்பார். உம்மா நாளைக்கென்று எதையும் எடுத்து வைக்க மாட்டார். எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் பாருங்கள். உங்கள் நன்னி யாருக்கு, எப்போது, எதைக் கொடுப்பார் என்று உங்களால் இப்படிச் சொல்ல முடியுமா?

அஸ்மா (ரலி) அவர்களின் பேத்தி ஃபாத்திமா பின்த் முன்திர். உர்வாவின் மகன் ஹிஷாமுக்கு வாழ்க்கைப்பட்டவர். பாட்டியோடு இருந்து பார்த்ததை அந்தப் பேத்தி சொல்ல, கணவர் ஹிஷாம் கேட்டு உலகத்துக்கு அறிவித்தார். காய்ச்சல் கண்ட பெண்களை அஸ்மா (ரலி) அவர்களிடம் கொண்டுவந்தால், துஆ செய்துவிட்டுத் தண்ணீரை எடுத்துச் சட்டைக் கழுத்தின் வழியே ஊற்றுவார்கள், காய்ச்சலைத் தண்ணீரால் தணிக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதாகச் சொல்வார்கள் என்பதெல்லாம் அந்தப் பேத்தியின் வழியாக வந்ததுதான். ஆடையில் பட்ட மாதவிடாய் இரத்தத்தை எப்படிக் கழுவ வேண்டும் என்ற சட்டமும் அதே வழியில்தான் வந்தது. பாட்டியின் அன்றாடப் பேச்சு அந்த வீட்டில் வீணாகவில்லை, மார்க்கமாகியது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். "அவங்க எதையும் கேட்டதில்லை" என்ற வாக்கியம் மிக அதிகமாகப் பயன்படும் இடம் சொத்து.

அஸ்மா (ரலி) அவர்களின் தந்தை கலீஃபாவாக இருந்தபோது நடந்த ஒரு செய்தி முவத்தாவிலும் அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. ஒரு பாட்டி வந்து தம் பேரப்பிள்ளையின் சொத்தில் தமக்குரிய பங்கைக் கேட்டார். உமக்கென்று அல்லாஹ்வின் வேதத்தில் ஒன்றும் காணவில்லை, நபியவர்களின் சுன்னத்திலும் நான் அறியவில்லை, மக்களிடம் விசாரிக்கிறேன், போய்விட்டு வாருங்கள் என்றார்கள் கலீஃபா. விசாரித்தார்கள். பாட்டிக்கு ஆறில் ஒரு பங்கை நபி (ஸல்) அவர்கள் கொடுத்தபோது நான் உடனிருந்தேன் என்று முகீரா பின் ஷுஃபா (ரலி) அவர்கள் சொன்னார்கள். வேறு யாரும் உம்முடன் இருந்தார்களா என்று கேட்டு, முஹம்மது பின் மஸ்லமா (ரலி) அவர்களும் சாட்சி சொன்ன பிறகு, அந்தப் பாட்டிக்கு அதைக் கொடுத்தார்கள். இந்த வயதில் உனக்கெதற்குப் பங்கு, பிள்ளைகள் சோறு போட மாட்டார்களா என்று யாரும் அந்தப் பெண்மணியிடம் கேட்டதாகச் செய்தியில் இல்லை.

நம்மிடம் நடப்பது என்ன? வாப்பா மவ்த்தாகி இருபது வருடம் ஆகியிருக்கும். வீடு பாகம் பிரிக்கப்படாமல் கிடக்கும். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு என்பது அல்லாஹ் விதித்தது. ஒருவர் மனைவியையும் இரண்டு மகன்களையும் மூன்று மகள்களையும் விட்டுச் செல்கிறார், அவருடைய பெற்றோர் முன்பே காலமாகிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் போக 40 லட்சம் ரூபாய்ச் சொத்து. மனைவிக்கு 5 லட்சம், மகள் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம், மகன் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம். அந்த 5 லட்சம் கணவர் இறந்த அன்றே அந்தப் பெண்மணிக்குச் சொந்தமாகிவிட்டது. பிள்ளைகள் பார்த்துக் கொடுப்பதல்ல. கணவர் மஹர் பாக்கி வைத்திருந்தால் அது கடன், பாகம் பிரிப்பதற்கு முன்பே கொடுக்கப்பட வேண்டியது. ஆனால் எத்தனை வீடுகளில் அந்த உம்மா, தமக்குச் சொந்தமான வீட்டில் மாதத்துக்கு ஒரு மகன் வீடு என்று முறை வைத்துத் தங்கவைக்கப்பட்டார்? உம்ராவுக்குப் போக ஆசைப்பட்டு, யாரிடம் பணம் கேட்பது என்று தயங்கியே காலத்தை முடித்தார்?

"அவங்களாத்தான் விட்டுக் கொடுத்தாங்க" என்பார்கள். மனமுவந்து விட்டுக் கொடுத்திருந்தால் அது ஆகும், மறுக்கவில்லை. ஆனால் எல்லா மகன்களும் சுற்றி உட்கார்ந்து, எழுதித் தயாராக இருக்கும் பத்திரத்தை முன்னால் வைத்து, உம்மா இங்க ஒரு கைநாட்டு வைங்க என்று கேட்டால் அதில் எவ்வளவு மனம் உவந்திருக்கும் என்பதை நீங்களே சொல்லுங்கள். அந்தப் பத்திரத்துக்கு நம் ஊர் பதிவு அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்று பெயர். அஸ்மா (ரலி) அவர்கள் சொன்ன விடுதலை வேறு.

ஸுபைர் (ரலி) அவர்கள் இறந்தபோது அவர்களுக்கு 22 லட்சம் கடன் இருந்தது. அந்தக் கடனை அடைத்தவர் அஸ்மாவின் மகன் அப்துல்லாஹ்தான். கடன் தீர்ந்ததும் சகோதரர்கள் பாகம் பிரிக்கச் சொன்னார்கள். நான்கு ஹஜ் பருவங்களில் அறிவிப்புச் செய்து, வேறு யாருக்கும் பாக்கி இல்லை என்று உறுதியான பிறகே பிரிப்பேன் என்று அவர் மறுத்துவிட்டார். நான்கு வருடம் காத்திருந்து, பிறகு பிரித்து, தந்தையின் நான்கு விதவையருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு லட்சம் கொடுத்தார். இதுவும் புகாரியில் இருக்கிறது. கொட்டை சுமந்த கதையைத் தாயின் வாயால் கேட்டு வளர்ந்த வீடு அது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எல்லா மூதாட்டியரும் எல்லோரிடமும் இனிமையாக இருந்துவிடுவதில்லை. பேரப்பிள்ளைகளுக்குத் தேனாக இருந்த நன்னி, மருமகளுக்கு வேறு விதமாக இருந்திருக்கலாம். கடைசி மூன்று வருடம் படுக்கையில் கிடந்தவருக்கு மலஜலம் எடுத்ததும் அந்த மருமகள்தான். அடக்கம் முடிந்ததும் எல்லோரும் புகழ்மாலை சூட்ட, அவர் மட்டும் அடுப்படியில் மௌனமாக நிற்பார். அந்த மௌனத்தை யாரும் குற்றமாக எடுக்க வேண்டாம். தனக்கு நேர்ந்ததை வெளியே சொல்லாமல் மன்னித்துவிட்டால் அது அவர் அந்த மய்யித்துக்குச் செய்யும் பெரிய தர்மம். கேட்க வேண்டியது நாம்தான். அவருக்கு யாராவது நன்றி சொன்னார்களா? அஸ்மா (ரலி) அவர்களின் ஹதீஸில் ரொட்டி சுட்டுக் கொடுத்த அன்சாரிப் பெண்களுக்கும் இடமிருந்ததே!

பெற்றோர் மறைந்த பிறகும் அவர்களுக்குச் செய்ய ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று ஒருவர் கேட்டபோது, அவர்களுக்காக துஆவும் இஸ்திக்ஃபாரும் செய்வது, அவர்கள் கொடுத்த வாக்கை நிறைவேற்றுவது, அவர்கள் வழியாக வந்த உறவைச் சேர்ந்து நடப்பது, அவர்களின் நண்பர்களைக் கண்ணியப்படுத்துவது என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உங்கள் நன்னிக்கு நண்பர்கள் இருந்தார்கள். பக்கத்து வீட்டு அம்மா இருப்பார், அவர் நம் மார்க்கத்தைச் சேராதவராகவும் இருக்கலாம். நோன்புக் கஞ்சி இங்கிருந்து அங்கே போயிருக்கும், பொங்கலுக்குக் கரும்பு அங்கிருந்து இங்கே வந்திருக்கும். அஸ்மா (ரலி) அவர்களின் தாயாரே இஸ்லாத்தை ஏற்காத நிலையில் மகளைத் தேடி மதீனா வந்தபோது, அவரோடு உறவைப் பேணலாமா என்று கேட்டார்கள், பேணும்படி நபியவர்கள் சொன்னார்கள். உங்கள் நன்னியின் அந்தத் தோழி உயிரோடிருந்தால், மையத்து வீட்டுக்கு வந்து ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போன அவரை நாற்பது நாளுக்குள் ஒருமுறையாவது போய்ப் பார்த்தீர்களா?

இதை வாசிக்கும் உங்களில் பலருடைய வீட்டில் அந்தப் பெரியவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். தஸ்பீஹ் மணியோடு கட்டிலில் உட்கார்ந்திருப்பார். சொன்னதையே சொல்கிறார் என்று பிள்ளைகள் எழுந்து போய்விடுவார்கள். இன்று ஜும்ஆ முடிந்து போனதும் பக்கத்தில் உட்காருங்கள். நிக்காஹ் ஆகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் என்னென்ன வேலை செய்தீர்கள், தண்ணீர் எங்கிருந்து எடுத்தீர்கள், யார் உதவினார்கள், எது கஷ்டமாக இருந்தது என்று கேளுங்கள். உங்கள் வாப்பாவைப் பற்றி, உங்கள் நன்னாவைப் பற்றி நீங்கள் கேட்க விரும்பாத ஒன்றும் அதில் வரலாம். வரட்டும், கேளுங்கள். உங்களுக்கு வரவேண்டியது ஏதாவது யாரிடமாவது நிற்கிறதா என்றும் கேட்டுவிடுங்கள்.

அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கடைசிக் காலத்தில் கண்பார்வை போய்விட்டது. அந்த நிலையிலும், மகனைக் கொன்று உடலைத் தொங்கவிட்ட ஹஜ்ஜாஜின் முகத்துக்கு நேரே, நீ அவனுடைய உலகத்தைக் கெடுத்தாய், அவன் உன்னுடைய மறுமையைக் கெடுத்துவிட்டான் என்று சொன்னார்கள். அவன் பதில் பேசாமல் எழுந்து போனான். இது பலரும் அறிந்தது. அதிகம் பேசப்படாத ஒன்று அவர்களுடைய ஒரு ஹஜ்ஜில், முஸ்தலிஃபாவில் நடந்தது. அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அப்துல்லாஹ் என்பவர் உடனிருந்தார். இரவில் அஸ்மா (ரலி) அவர்கள் தொழுதுகொண்டிருந்தார்கள். சற்று நேரம் தொழுதுவிட்டு, மகனே, சந்திரன் மறைந்துவிட்டதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். மீண்டும் தொழுதார்கள். மீண்டும் கேட்டார்கள். மறைந்துவிட்டது என்று அவர் சொன்ன பிறகே கிளம்பலாம் என்றார்கள். இருவரும் புறப்பட்டு மினாவுக்குப் போனார்கள். ஜம்ராவில் கல்லெறிந்தார்கள். தங்குமிடம் திரும்பி ஸுப்ஹு தொழுதார்கள். இன்னும் இருட்டாகத்தானே இருக்கிறது, நாம் சீக்கிரமே வந்துவிட்டோம் போலிருக்கிறதே என்று அவர் கேட்டபோது, மகனே, பெண்களுக்கு நபி (ஸல்) அவர்கள் இதற்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள்.

யா அல்லாஹ், எங்களை விட்டுப் பிரிந்த எங்கள் தாய்மார்களின், பாட்டிமார்களின் கப்ருகளை விசாலமாக்குவாயாக. எங்களோடு இருப்பவர்களுக்கு ஆஃபியத்தான நீண்ட ஆயுளைத் தருவாயாக. ஆமீன்.